புகையை விட முயலும் பிள்ளைக்குத் துணை

நமது அங்கத்தினராகிய நெசவாளர் ஒருவர் சென்ற மாதம் நமக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். நூல் விலையைப் பற்றியும் கூலியைப் பற்றியும் தேங்கிக் கிடக்கும் துணியைப் பற்றியும் வரும் கடிதங்களுக்கு இடையில் அக்கடிதம் தனித்து நின்றது. அவருடைய மூத்த மகனுக்கு வயது பதினாறு. பள்ளியில் படிக்கிறான், விடுமுறை நாட்களில் தந்தைக்குத் துணையாகத் தறியிலும் அமர்கிறான். ஒரு நாள் தறிக்குழியின் ஓரத்தில், தார்கள் போட்டு வைத்த கூடைக்கு அடியில், பீடிக் கட்டு ஒன்றும் தீப்பெட்டி ஒன்றும் அகப்பட்டன. பாவு பூட்டிய இடத்தில் நெருப்பா என்று தந்தை பதறினார், மகனை அடித்தார். அடி வாங்கிய பையன் எதிர்த்து ஒன்றும் பேசவில்லை. “விட வேண்டுமென்று மூன்று முறை பார்த்தேன் அப்பா, முடியவில்லை” என்று மட்டும் சொல்லி அழுதானாம்.

“அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை” என்று அந்த அன்பர் எழுதுகிறார். மறுநாள் மருந்துக் கடையில் விசாரித்தார். புகைப்பதை விடுவதற்கு வாயிலிட்டு மெல்லும் மருந்து ஒன்றும் தோலில் ஒட்டும் மருந்து ஒன்றும் இருப்பதாகவும், அவற்றில் இருப்பது புகையிலையின் சத்தாகிய நிக்கோட்டினே என்றும் கடைக்காரர் கூறினார். இது அவரைக் குழப்பிவிட்டது. புகையிலையை விடுவதற்குப் புகையிலையின் சத்தையே கொடுப்பது எவ்விதம் பொருந்தும்? பிள்ளைக்கு அதைக் கொடுக்கலாமா? கொடுத்தால் பயன் உண்டா? இவை அவருடைய வினாக்கள். கடிதத்தின் முடிவில், “இனி இவனை அடிப்பதா, இவனுக்கு மருந்து கொடுப்பதா, சொல்லுங்கள்” என்று கேட்டிருக்கிறார்.

பெயரையும் ஊரையும் விலக்கி இதனை வெளியிட அவர் இசைவு தந்துள்ளார். இவ்வினா ஒரு வீட்டின் வினா அன்று. 2019ஆம் ஆண்டில் நம் நாட்டுப் பள்ளிகளில் 13 முதல் 15 வயது வரையுள்ள மாணவர்களிடையே எடுக்கப்பெற்ற கணக்கெடுப்பின்படி, நூற்றுக்கு எட்டரைப் பேர் ஏதேனும் ஒரு வடிவில் புகையிலையைப் பயன்படுத்தி வந்தனர். பீடி குடித்துப் பார்த்தவர்களுள் நூற்றுக்கு 47 பேர் பத்து வயது நிறையும் முன்பே அதனைத் தொடங்கியவர்கள். ஆகவே, நம் அங்கத்தினர் அனைவரும் இவ்விஷயத்தை நன்கு அறிந்திருத்தல் வேண்டும் என்று கருதி, விடையைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

விட முடியாமை ஏன்?

“மனம் இருந்தால் விட்டுவிடலாம், பையனுக்கு மனம் இல்லை” என்று பலர் கூறக் கேட்கிறோம். இது முழு உண்மை அன்று. பீடி அல்லது சிகரெட்டின் புகையை உள்ளே இழுத்த சில விநாடிகளில் நிக்கோட்டின் மூளையைச் சென்று அடைகிறது. அங்கே அது ஒருவித இதத்தை உண்டாக்குகிறது. அந்த இதம் நெடுநேரம் நிற்பதில்லை. ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் இரத்தத்திலுள்ள நிக்கோட்டினில் பாதி கழிந்துவிடுகிறது. உடல் மீண்டும் அதைக் கேட்கிறது. கொடுக்காவிட்டால் எரிச்சல், பரபரப்பு, மனம் ஒன்றில் நில்லாமை, உறக்கமின்மை, அடங்காப் பசி ஆகியவை தோன்றுகின்றன. இத்துன்பம் விட்ட முதல் வாரத்தில் மிகுதியாக இருந்து, மூன்று நான்கு வாரங்களில் பெரும்பாலும் தணிந்துவிடும். ஆனால், அந்த முதல் வாரத்தைக் கடக்க மாட்டாமலேயே பெரும்பாலோர் மீண்டும் பீடியைத் தேடிப் போகின்றனர்.

பிள்ளைகளின் நிலை இதனினும் கடினமானது. மனித மூளை ஏறத்தாழ இருபத்தைந்து வயது வரை வளர்ந்துகொண்டிருக்கிறது. வளரும் மூளையில் நிக்கோட்டின் எளிதில் வேரூன்றி விடுகிறது. பெரியவர் ஒருவர் பல காலம் புகைத்துப் பெறும் அடிமைத்தனத்தைப் பிள்ளைகள் சில மாதங்களிலேயே அடைந்துவிடக்கூடும். நாள்தோறும் புகைக்காத பிள்ளைகளிடமும் இதன் அடையாளங்கள் காணப்படுகின்றன. ஆகவே, “மூன்று முறை பார்த்தேன், முடியவில்லை” என்று அந்தப் பையன் சொன்னது சாக்குப்போக்கு அன்று, உள்ளதையே சொன்னான். பிரம்பால் இத்துன்பம் தீராது. அடிக்கு அஞ்சி அவன் ஒளித்து வைக்கும் இடத்தை மாற்றுவானே அன்றிப் பழக்கத்தை மாற்ற மாட்டான்.

முள்ளை முள்ளால் எடுத்தல்

இனி, புகையிலையின் சத்தையே மருந்தாகக் கொடுப்பது பொருந்துமா என்னும் வினாவைப் பார்ப்போம்.

புகைப்பவனை அடிமையாக்குவது நிக்கோட்டின். ஆனால், அவனுக்குப் புற்றுநோயையும் நுரையீரல் நோயையும் தருவது பெரும்பாலும் நிக்கோட்டின் அன்று. புகையிலை எரிவதனால் உண்டாகும் தாரும், நச்சு வாயுக்களும், இன்ன பிற பொருள்களுமே. புகையிலைப் புகையில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட வேதிப் பொருள்கள் உள்ளன என்றும், அவற்றுள் எழுபதளவு புற்றுநோயை விளைவிப்பன என்றும் கண்டிருக்கின்றனர். மக்கள் நிக்கோட்டினுக்காகப் புகைத்துத் தாரினால் மடிகின்றனர் என்னும் கருத்தை இங்கிலாந்தின் மனநோய் மருத்துவர் மைக்கேல் ரஸ்ஸல் 1976ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தார். அப்படியாயின், புகையை நீக்கிவிட்டு நிக்கோட்டினை மட்டும் சிறிய அளவில் சில வாரங்கள் கொடுத்து, பின்பு அதனையும் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிடலாம் அன்றோ? இதுவே நிக்கோட்டின் மாற்றுச் சிகிச்சையின் அடிப்படை. புகையின் வழியே சில விநாடிகளில் தலைக்கு ஏறும் நிக்கோட்டின், இம்மருந்துகளின் வழியே மெல்ல மெல்லவே உடலில் சேர்கிறது. ஆதலால் உடலின் கேட்பு அடங்குமே அன்றிப் புகைப்பதில் உண்டாகும் கிளர்ச்சி உண்டாவதில்லை.

இம்மருந்துகள் தோன்றிய வரலாறு அறியத் தக்கது. 1967ஆம் ஆண்டின் முடிவில், சுவீடன் நாட்டின் லுண்ட் நகரத்து ஆராய்ச்சியாளர் கிளாஸ் லுண்ட்கிரன் என்பார் தம் நண்பர் ஓவே ஃபெர்னோவுக்கு ஒரு செய்தியைத் தெரிவித்தார். நீர்மூழ்கிக் கப்பலினுள் புகைத்தல் கூடாது. அங்கே பணியாற்றிய மாலுமிகள் புகைப்பதற்குப் பதிலாகப் புகையிலையை வாயில் அடக்கிக்கொண்டு ஒருவாறு காலம் தள்ளினர் என்பதே அச்செய்தி. ஃபெர்னோ மருந்து நிறுவனம் ஒன்றில் ஆராய்ச்சியாளர். தாமே மிகுதியாகப் புகைத்தவர். நிக்கோட்டினை ஒருவகைப் பிசினுடன் பிணைத்து, மெல்ல மெல்லச் சிறிது சிறிதாக வெளிவருமாறு அவர் ஒரு மருந்தை ஆக்கினார். பல்லாண்டுச் சோதனைக்குப் பின்னர் 1978இல் அது முதலில் சுவிட்சர்லாந்தில் விற்பனைக்கு வந்தது. 1984இல் அமெரிக்காவிலும் இசைவு பெற்றது. நம் கடைக்காரர்கள் சூயிங்கம் என்று கூறும் மருந்து அதுவே.

தோலில் ஒட்டும் பட்டையின் வரலாறோ நமது பயிர்த் தொழிலோடு தொடர்புடையது. பனியிலோ மழையிலோ நனைந்த பச்சைப் புகையிலையை ஒடித்துச் சுமப்பவர்களுக்குத் தலைச்சுற்றலும் வாந்தியும் தலைவலியும் உண்டாவதுண்டு. இலையிலுள்ள நிக்கோட்டின் ஈரத்தில் கரைந்து தோலின் வழியே உடலினுள் புகுவதே இதற்குக் காரணம். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அறுவடை செய்த கூலியாட்களுக்கு வந்த இந்நோயைப் பற்றி அறிந்த கலிபோர்னியா பல்கலைக்கழக மருத்துவ அறிஞர் மர்ரே ஜார்விக், தோலின் வழியே நிக்கோட்டின் புகுமாயின் அதையே மருந்தாக்கலாமே என்று எண்ணினார். அவரும் ஜெட் ரோஸ் என்பவரும் முதலில் தம் தோலிலேயே அதனை வைத்துச் சோதித்தனர். 1991ஆம் ஆண்டு முதல் அப்பட்டைகள் அமெரிக்காவில் மருந்தாக இசைவு பெற்றன. உழவனை வருத்திய ஒன்றே புகைப்பவனுக்கு மருந்தாயிற்று. நம் அங்கத்தினருள் புகையிலை பயிரிடுவோர் ஈர இலையைக் கையாளும்போது கையுறையும் முழுக்கைச் சட்டையும் அணிவது நலம் என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறோம்.

உலக சுகாதார நிறுவனம் 2009ஆம் ஆண்டில் இச்சிகிச்சையை இன்றியமையாத மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. நம் அரசின் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலிலும் 2022ஆம் ஆண்டில் இது இடம் பெற்றது. ஆகவே, இது ஏமாற்று மருந்து அன்று என்று அன்பர்கள் அமைதி கொள்ளலாம்.

பெரியோருக்கும் பிள்ளைகளுக்கும் உள்ள வேறுபாடு

வளர்ந்தோருக்கு இச்சிகிச்சை பயன் தருகிறது என்பதில் ஐயமில்லை. 64,000க்கு மேற்பட்டோரிடம் நடத்திய 133 சோதனைகளை ஒருங்கே ஆராய்ந்து 2018இல் வெளியிட்டனர். மருந்தின்றி முயன்றோரில் பத்துப் பேர் விடும் இடத்தில், மருந்துடன் முயன்றோரில் பதினைந்து பேர் விட்டனர் என்பது அதன் சாரம்.

பிள்ளைகள் விஷயத்தில் அவ்வளவு உறுதியாகக் கூறுவதற்கில்லை. உள்ளதை உள்ளவாறே நம் அன்பர்கள் அறிதல் வேண்டும்.

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 13 முதல் 17 வயது வரையுள்ள 120 பேரிடம் ஒரு சோதனை நடத்தி, அதன் முடிவை 2005ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அப்பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரி 19 சிகரெட் புகைத்தவர்கள். விட விரும்பித் தாமே வந்தவர்கள். அவர்களை மூன்று பிரிவாக்கினர். 34 பேருக்கு நிக்கோட்டின் பட்டையும், 46 பேருக்கு மெல்லும் மருந்தும் கொடுத்தனர். எஞ்சிய 40 பேருக்கு, பார்வைக்கு அவற்றைப் போன்றே இருந்தும் மருந்து ஏதும் இல்லாதவற்றைக் கொடுத்தனர். மூன்று பிரிவினருக்கும் பழக்கத்தை மாற்றும் வழிகளைப் பற்றிய ஆலோசனையும் பன்னிரண்டு வாரங்கள் அளித்தனர். முடிவில் தொடர்ந்து புகைக்காமல் இருந்தோர் பட்டைப் பிரிவில் 6 பேர். மெல்லும் மருந்துப் பிரிவில் 3 பேர். மருந்தில்லாப் பிரிவில் ஒருவர். பட்டை உதவியது என்பது உண்மை. ஆயினும், பட்டை பெற்ற 34 பேரில் 28 பேருக்கு அது போதவில்லை என்பதும் உண்மையே.

இதற்கு முன்னர், 2000ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆராய்ச்சியில், 101 பிள்ளைகளுக்கு ஆறு வாரம் பட்டை கொடுத்தனர். ஆறாம் வார முடிவில் புகைக்காமல் இருந்தோர் 11 பேர். ஆறு மாதம் சென்று பார்த்தபோது அவர்கள் 5 பேராகக் குறைந்திருந்தனர். நெதர்லாந்து நாட்டில் நடந்து 2014இல் வெளியான சோதனையில், பட்டையை ஒழுங்காகப் பயன்படுத்திய பிள்ளைகளுக்கு மட்டுமே சிகிச்சையின் முடிவில் நன்மை தெரிந்தது. அந்நன்மையும் பின்னர் நிலைக்கவில்லை.

இவற்றையெல்லாம் கண்ட மருத்துவ அறிஞர்கள் எச்சரிக்கையாகவே பேசுகின்றனர். பிள்ளைகளுக்கு இம்மருந்துகள் பயன் தரும் என்று உறுதியாகச் சொல்லப் போதிய சான்று இல்லை என்று அமெரிக்க அரசு அமைத்த நோய்த்தடுப்பு வல்லுநர் குழு 2020இல் தெரிவித்தது. அந்நாட்டில் 18 வயதுக்குட்பட்டோர் மருத்துவரின் சீட்டு இன்றி இவற்றைப் பெறுவதற்கில்லை. இங்கிலாந்திலோ 2005ஆம் ஆண்டின் முடிவிலிருந்து 12 வயதுக்கு மேற்பட்டோர் இவற்றைப் பயன்படுத்த இசைவு உண்டு. புகைத்துக்கொண்டே இருப்பதனால் வரும் கேட்டினைவிட இம்மருந்தினால் வரும் கேடு மிகச் சிறிது என்பதே அங்குள்ளோர் கருத்து. இரண்டு நாட்டாரும் ஒன்றில் மட்டும் ஒத்துப் போகின்றனர்: மருந்தை மட்டும் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடுதல் கூடாது.

மருந்து கொடுப்பதாயின்

எல்லாப் பிள்ளைகளுக்கும் இது தேவைப்படுவதில்லை. எப்போதாவது நண்பர்களோடு ஒன்றிரண்டு புகைக்கும் பையனுக்கு அறிவுரையும் கண்காணிப்புமே போதும். அவனுக்கு நிக்கோட்டின் கொடுப்பது வேண்டாத ஒன்றைப் புதிதாகப் பழக்குவதாகும். நாள்தோறும் புகைப்பவனாய், காலையில் கண் விழித்த அரை மணிக்குள் பீடியைத் தேடுபவனாய், தானே விட விரும்புபவனாய் உள்ள பிள்ளைக்கே மருத்துவர் இதைப் பற்றி எண்ணுவார். பையனின் எடை, புகைக்கும் அளவு, இதய நிலை ஆகியவற்றைப் பார்த்து அளவைத் தீர்மானிக்க வேண்டியவர் அவரே. கடையில் நாமாக வாங்கிக் கொடுத்தல் தகாது.

மெல்லும் மருந்து 2 மில்லிகிராம், 4 மில்லிகிராம் என இரு அளவில் கிடைக்கும். இதை மிட்டாய் போலவோ வெற்றிலை போலவோ இடைவிடாது மெல்லக் கூடாது. மெல்ல மென்று, காரமோ குறுகுறுப்போ தெரிந்தவுடன் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைத்தல் வேண்டும். குறுகுறுப்பு நின்ற பின் மீண்டும் சிறிது மென்று இடம் மாற்றி ஒதுக்க வேண்டும். இவ்வாறு அரை மணி நேரம். மருந்து வாயின் தோல் வழியே உடலில் சேர்வது. விரைந்து மென்று உமிழ்நீரை விழுங்கினால் விக்கலும் நெஞ்செரிச்சலும் குமட்டலுமே மிஞ்சும். காப்பி, எலுமிச்சைச் சாறு முதலியவற்றை அருந்திய கால் மணி நேரத்துக்குள் இதை மெல்லுதல் பயன் தராது. பலர் இம்முறை அறியாமல் மென்றுவிட்டு, மருந்து சரியில்லை என்கின்றனர்.

பட்டையைக் காலையில், மயிர் இல்லாத, உலர்ந்த, சுத்தமான இடத்தில், தோளிலோ மேற்கையிலோ ஒட்டுதல் வேண்டும். நாள்தோறும் புதியதை, வேறோர் இடத்தில் ஒட்ட வேண்டும். சிறிது அரிப்பு உண்டாகலாம். இரவில் கனவு மிகுந்து உறக்கம் கெட்டால், படுக்கும் முன் எடுத்துவிடலாமா என்று மருத்துவரைக் கேட்க வேண்டும். பட்டையை வெட்டிப் பாதியாக்குதல் கூடாது. எட்டு முதல் பன்னிரண்டு வாரங்களுக்குள் அளவைக் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்துவது வழக்கம். இடையிலே தலைச்சுற்றல், வாந்தி, குளிர்ந்த வியர்வை, நெஞ்சுப் படபடப்பு தோன்றினால் உடனே நிறுத்தி மருத்துவரிடம் காட்ட வேண்டும். பயன்படுத்திய பட்டையிலும் நிக்கோட்டின் எஞ்சியிருக்கும். தவழும் குழந்தையின் கைக்கு எட்டாதபடி அதை ஒட்டும் பக்கம் உள்ளாக மடித்து அப்புறப்படுத்துதல் வேண்டும்.

மின் சிகரெட் என்ற ஒன்றை இதற்கு மாற்றாகச் சிலர் கூறுகின்றனர். அது நம் நாட்டில் 2019ஆம் ஆண்டு முதல் தடை செய்யப்பட்டது. பிள்ளைகளுக்கு அது மருந்தும் அன்று, புதிய வலை.

கூட்டத்தால் வந்தது கூட்டத்தாலே போகும்

பிள்ளைகளுக்கு மருந்தினும் பயன்படுவது யாது? இருபது வயதுக்குட்பட்ட 13,000 பேருக்கு மேற்பட்டவர்களிடம் நடத்திய 41 சோதனைகளை ஆராய்ந்து 2017இல் ஓர் அறிக்கை வெளியாயிற்று. தனி ஆலோசனை, கணினி வழி ஆலோசனை, மருந்து எனப் பல வழிகளையும் ஒப்பிட்டுப் பார்த்ததில், பிள்ளைகளைக் குழுவாகச் சேர்த்து அமர்த்திப் பேசிப் பழக்கத்தை மாற்றும் முறையே நம்பிக்கைக்கு இடம் தருவதாக அமைந்தது. மருந்தைப் பற்றித் தெளிவான முடிவு கிடைக்கவில்லை.

கூட்டுறவு இயக்கத்தில் ஊறிய நமக்கு இது வியப்பன்று. தனித்த நெசவாளன் நூல் வியாபாரிக்கு அடங்கிக் கிடந்தான். சங்கமாகச் சேர்ந்த பின்னரே தலை நிமிர்ந்தான். இளம்பிள்ளையின் நிலையும் அதுவே. அவன் முதற் பீடியைத் தனியே புகைப்பதில்லை. ஆற்றங்கரையிலோ பேருந்து நிலையத்திலோ நண்பர் நால்வர் நீட்டிய பீடி அது. தனியே விட முனைந்தால், மறுநாள் அதே நால்வர் நடுவில்தான் போய் நிற்க வேண்டும். நான்கு வாரங்களில் உடலின் கேட்பைப் பட்டை தணிக்கும். நண்பன் நீட்டும் கையை எந்தப் பட்டையும் தடுக்காது. விடுகின்ற பிள்ளைகள் நாலைந்து பேர் ஒன்றாய் அமர்ந்து, “நேற்று மாலை எனக்குத் தாங்க முடியவில்லை, இன்னது செய்து சமாளித்தேன்” என்று பேசிக்கொள்ளும்போது, அந்தப் பழைய கூட்டத்துக்கு எதிராக ஒரு புதிய கூட்டம் அமைகிறது.

வீட்டில் செய்ய வேண்டுவன

கடிதம் எழுதிய அன்பருக்கு ஒன்றை மனம் நோகாமல் சொல்ல விரும்புகிறோம். தமக்கும் இருபது ஆண்டுகளாகப் பீடிப் பழக்கம் உண்டு என்று அவரே ஒரு வரியில் எழுதியிருக்கிறார். தந்தை வாயிற்படியில் புகைக்கும் வீட்டில் மகன் விடுவது பெரும்பாடு. மகனோடு தந்தையும் ஒரே நாளில் விடத் தொடங்குவாராயின், அதைவிடப் பெரிய மருந்து பையனுக்கு வேறில்லை. வளர்ந்தவராகிய அவருக்கு இம்மருந்து நன்கு பயன்படும் என்பதை மேலே கண்டோம். ஆகவே, மருத்துவரிடம் போகும்போது மகனை மட்டும் முன்னே நிறுத்தாமல் தாமும் நாற்காலியில் அமர வேண்டுகிறோம்.

“கடைக்குப் போய் ஒரு கட்டு வாங்கி வா” என்று பிள்ளையை அனுப்பும் வழக்கத்தையும் நாம் அடியோடு விடுதல் வேண்டும். 18 வயதுக்குட்பட்டோருக்குப் புகையிலைப் பொருள் விற்பதை 2003ஆம் ஆண்டின் சட்டம் தடுக்கிறது. பிள்ளைக்கு அதனைக் கொடுப்பவருக்கு 2015ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டம் ஏழாண்டு வரை சிறைத் தண்டனையும் ஒரு லட்ச ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடம் தருகிறது. சட்டத்துக்காக மட்டும் அன்றி, பிள்ளைக்காகவும் இதைச் செய்வோம்.

பையன் இடையில் ஒரு நாள் தவறிப் புகைத்துவிடலாம். அப்போது “நீ உருப்பட மாட்டாய்” என்று சொல்லிவிடுதல் கூடாது. பாவில் ஓர் இழை அறுந்தது என்பதற்காக எந்த நெசவாளரும் தறியை விட்டு எழுந்து போவதில்லை. முடி போட்டுவிட்டு மேலே நெய்கிறார். பலமுறை முயன்ற பின்னரே பெரும்பாலோர் விடுகின்றனர். மூன்று முறை முயன்றவனுக்கு நான்காம் முறையில் துணை கிடைத்தால் அதுவே போதும்.

சங்கம் செய்யக் கூடியன

சங்கங்களும் இதில் சும்மா இருத்தல் தகாது. கூலிப் பட்டுவாடா நாளில் தந்தையர் பலர் ஓரிடத்தில் கூடுகின்றனர். அன்று சங்கக் கட்டடத்தின் ஓர் அறையை ஒரு மணி நேரம் ஒதுக்கி, விட விரும்பும் பிள்ளைகளையும் பெரியவர்களையும் தனித்தனிக் குழுவாக அமர்த்தலாம். அரசு மருத்துவமனை மருத்துவரையோ, பயிற்சி பெற்ற ஆலோசகரையோ மாதம் ஒரு முறை அழைக்கலாம். வருவோரின் பெயரை வெளியிடாமல் காத்தல் வேண்டும். ஊர் வாய்க்கு அஞ்சியே பலர் உதவி நாடுவதில்லை. நூல் கிடங்கிலும் தறிக்கூடத்திலும் புகைத்தல் கூடாது என்னும் விதி பல சங்கங்களில் பலகையில் மட்டும் இருக்கிறது. அதனை நிர்வாகக் குழுவினரே முதலில் கடைப்பிடித்தால் மற்றவரும் கடைப்பிடிப்பர்.

உதவி தேடி நெடுந்தூரம் அலைய வேண்டுவதில்லை. புகையிலையை விட உதவும் மருத்துவ மையங்கள் 2002ஆம் ஆண்டில் நம் நாட்டில் 13 இடங்களில் தொடங்கப்பெற்றன. சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை அவற்றுள் ஒன்று. பின்னர் மாவட்ட அரசு மருத்துவமனைகளிலும் இவ்வசதி பரவியது. 1800-11-2356 என்னும் தேசியத் தொலைபேசி எண்ணில் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம். 2018ஆம் ஆண்டிலிருந்து இவ்வெண் புகையிலைப் பொதிகளின் மீதும் அச்சிடப்பட்டு வந்திருக்கிறது. பிள்ளையின் கூடையில் அகப்பட்ட கட்டைத் தூக்கி எறிவதற்கு முன் அதனைப் புரட்டிப் பார்த்தாலும் உதவிக்கு வழி தெரியக்கூடும்.

நம் அங்கத்தினருள் புகையிலை பயிரிட்டு வாழ்வோரும் உண்டு. பீடி சுற்றிக் குடும்பத்தைக் காக்கும் பெண்மணிகளும் நம் குடும்பங்களில் உண்டு. அவர்கள் உழைப்பை இகழ்வது நமது நோக்கமன்று. ஆயினும், தம் பிள்ளை புகைப்பதை அவர்களுள் எவரும் விரும்பார் என்பதை நாம் அறிவோம்.

இனி, அன்பரின் கடைசி வினாவுக்கு விடை. அடிக்க வேண்டாம். மருந்தை மட்டும் நம்பவும் வேண்டாம். முதலில் மகனின் பக்கத்தில் அமர்ந்து, “நீ மூன்று முறை முயன்றாய் என்று சொன்னாயே, அப்போது எந்த நேரத்தில் உனக்குத் தாங்க முடியாமல் போயிற்று?” என்று கேளுங்கள். அவன் சொல்வதை முழுவதும் கேளுங்கள். பிறகு இருவரும் சேர்ந்து மருத்துவரிடம் போங்கள். மருந்து வேண்டும் என்று அவர் சொன்னால் முறைப்படி கொடுங்கள். வேண்டாம் என்றால் வருந்த வேண்டாம். நாள் தவறாமல் மாலையில் அவனுடன் சிறிது நேரம் இருங்கள். மூன்று மாதம் சென்றபின் நமக்கு மீண்டும் ஒரு கடிதம் எழுதுங்கள். அதை எதிர்பார்த்திருக்கிறோம்.